உன் காதைக் கெடுத்தது தண்ணீர் வாத்தியம் அல்ல

தம்பி,

நலம், நலமறிய அவா என்று எழுதிவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் இல்லை என்பதும் உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். போன மாதம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் உன்னைச் சென்னை வண்டியில் ஏற்றிவிட வந்தபோதே அதைச் சொன்னேன். நீ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். நான் கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "உன் காது போனதுக்கு நாந்தான்யா காரணம்" என்றேன். பக்கத்தில் கிருஷ்ணகிரி வண்டிக்கு ஆள் கூப்பிடுகிறவன் கத்திக்கொண்டிருந்தான். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். தலையை ஆட்டி, "சரிம்மா, போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன்" என்றாய். உனக்குக் கேட்கவில்லை என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. வண்டி கிளம்ப இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது, இன்னொரு முறை உரக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அப்பாடா என்றுதான் இருந்தது. உன் அம்மா வாயாடி என்று நம் மத்திகிரிக்கே தெரியும், ஆனால் வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் மட்டும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

எழுதுவது எங்கே உட்கார்ந்து தெரியுமா? கம்பெனி மருத்துவ அறையில், காது பார்க்கிற அந்தப் பெட்டியறைக்குள். இன்று ஞாயிற்றுக்கிழமை, சாவி என்னிடம் இருக்கிறது. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் ஒன்றும் உள்ளே வராது. ஓசூரில் இவ்வளவு அமைதியான இடம் வேறு கிடையாது. உன் அப்பா காமாலையில் போனதும் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து உன்னைத் தூக்கிக்கொண்டு வந்து இந்த நர்ஸ் வேலையில் சேர்ந்தேன். பதினெட்டு வருடமாக பிரஸ் ஷாப் ஆட்களின் காதைப் பார்க்கிறேன். நான் என்ன செய்தேன் என்று உனக்குப் புரிய வேண்டுமானால் அதை எப்படிப் பார்ப்பேன் என்பதும் தெரிய வேண்டும். ஆள் பெட்டியறைக்குள் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்வார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து மெஷினைத் திருகி ஒவ்வொரு ஒலியாக அனுப்புவேன். காதில் விழுந்தால் அவர் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும், என் பக்கம் விளக்கு எரியும், நான் தாளில் புள்ளி வைப்பேன். புள்ளிகளைச் சேர்த்தால் நல்ல காதுக்குக் கோடு நேராகப் போகும். இரும்புத் தகட்டை அமுக்குகிற பிரஸ் மெஷின்களுக்கு நடுவே வருடக்கணக்கில் நின்ற காதுக்கு, உயரமான ஒலிகள் வருகிற இடத்தில் கோடு பள்ளத்தில் இறங்கும். பள்ளம் விழுந்த ஆளை லைனிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது கம்பெனி விதி.

எடுத்து எங்கே வைப்பார்கள்? பெர்மனென்ட் ஆள் என்றால் ஸ்டோர்ஸில் வைப்பார்கள், காண்ட்ராக்ட் ஆள் என்றால் கேட்டுக்கு வெளியேதான். நான் சேர்ந்த முதல் வருடம் பேரிகையிலிருந்து வருகிற முனிராஜ் என்று ஒருவர். பள்ளம் தெரிந்தது, தெரிந்ததை எழுதினேன். அடுத்த வாரமே அவர் வேலை போயிற்று. மனைவியைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். நீ இரண்டாம் வகுப்பு, மூலையில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாய். "எனக்கு நல்லாத்தான் கேக்குதுங்க சிஸ்டர். இப்ப நீங்க பேசறது கேக்குது. வெளிய குழாயில தண்ணி வர்றது கேக்குது. அந்தப் பொட்டிக்குள்ள கீச்சுன்னு ஒரு சத்தம் கேக்கலன்னா எனக்கு என்னாங்க ஆயிடும்?" என்றார். அந்த அம்மாள் நான் கொடுத்த டீயைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு ஆறியபின் தரையில் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் வந்து பெட்டியறைக்குள் இருந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். ஆள் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும் என்பது முறை. நான் கண்ணாடியைப் பார்த்து உட்காரும்படி போட்டேன். ஒலியை அனுப்பும்போதெல்லாம் என் கையிலிருந்த பேனாவைக் கொஞ்சம் தூக்கினேன். அவ்வளவுதான் செய்தேன். யாரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை. பேனா எழுந்தால் பொத்தானை அழுத்த வேண்டும் என்று ஒரு வாரத்தில் பிரஸ் ஷாப் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் ஒருவருக்கும் என் கையால் வேலை போகவில்லை. எனக்கு அதில் பெருமை. மறைக்க என்ன இருக்கிறது, கொள்ளைப் பெருமை! ஆயுத பூஜை அன்று பூசணிக்காய் உடைப்பதற்கு முன், "சிஸ்டர் வந்துட்டாங்களா?" என்று கேட்பார்கள். பொரிப் பொட்டலம் முதலில் எனக்குத்தான் வரும். டாக்டருக்குக்கூட இரண்டாவதுதான். நான் புண்ணியம் செய்துகொண்டிருப்பதாக நினைத்தேன். அந்த ஆட்கள் வீட்டில் பெண்டாட்டி கூப்பிட்டால் திரும்பாமல், டிவியை அலறவிட்டு, பேரப்பிள்ளை மழலை புரியாமல் உட்கார்ந்திருப்பதை நான் போய்ப் பார்க்கவில்லையே.

நீயோ தண்ணீரைக் காதால் அளக்கிற பிள்ளை. நம் தெருவில் நாலு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். நீ உள்ளே பாடம் எழுதிக்கொண்டே, "ம்மா, இன்னும் நாலு விரக்கடதான் இருக்கு" என்பாய். போய்ப் பார்த்தால் சரியாக நாலு விரற்கடை இருக்கும். குடம் நிரம்ப நிரம்பச் சத்தம் மெலிந்து மேலே ஏறும் என்று நீதான் எனக்குக் காட்டிக்கொடுத்தாய். அதுவரை எனக்குத் தண்ணீர் விழுகிற சத்தம் என்று ஒரே ஒரு சத்தம்தான் உண்டு. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாள் தன் டிரம் நிரம்புவதற்கும் உன்னைத்தான் காவல் வைப்பாள். ஒரு நாளும் வழிய விட்டதில்லை நீ.

ஷபீரை நீ எங்கே பிடித்தாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குருபரப்பள்ளியில் ஹைவே ஓரம் பாத்திரக்கடை வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை. வாங்க வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவதைவிட, பாத்திரங்களைத் தட்டித் தட்டிக் காதருகே வைத்துப் பார்ப்பதுதான் அவனுக்கு வேலை. நீங்கள் ஐந்து பேர் சேர்ந்தீர்கள். பேரிகை போகிற வழியில், யாரோ ரோஜா வளர்த்துக் கைவிட்ட பாலித்தீன் கூடாரம் ஒன்று கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாய். என்னதான் செய்கிறீர்கள் என்று ஒருநாள் பின்னாலேயே வந்து பார்த்தேன். ரோஜாச் செடிக்குச் சொட்டுநீர் விட்ட கறுப்புக் குழாய்களை மேலே தூக்கிக் கட்டி, கீழே பித்தளை, எவர்சில்வர், மண் என்று விதவிதமான பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்திருந்தீர்கள். ஒருவன் பிவிசி பைப்பின் வாயை ரப்பர் செருப்பால் அறைந்துகொண்டிருந்தான். இன்னொருவன் முறத்தில் அரிசியை உருட்டினான். ஷபீர் பெரிய தாம்பாளத்தை ஒரு தட்டு தட்டி, அது அதிரும்போதே தண்ணீர்த் தொட்டிக்குள் மெல்ல இறக்கினான், சத்தம் வளைந்து அழுகிற மாதிரி போயிற்று. "இது கச்சேரியா, பாத்திரம் கழுவுறதா?" என்று கேட்டேன். "ரெண்டுந்தாம்மா" என்று சிரித்தான் அவன். "மழையை அடிச்சுக் காட்டறது பெரிய வேலை இல்லம்மா. மழை வர்றதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் எல்லாம் கம்முனு ஆவுது பாருங்க, அத அடிச்சுக் காட்டணும். அது குமாரால மட்டுந்தான் ஆவும்" என்று உன்னைக் காட்டினான்.

அப்புறம் நீங்கள் வாசித்தீர்கள். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க, மேலே ஒரு குழாயிலிருந்து சொட்டு விழ ஆரம்பித்தது. டிங், ஒரு மூச்சு இடைவெளி, மறுபடி டிங். நீ தலையைக் குனிந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தாய். எத்தனையாவது சொட்டில் என்று தெரியவில்லை, இரண்டு சொட்டுக்கு நடுவில் விரல் நுனியால் ஒரு பானையைத் தொட்டாய். அடித்தாய் என்று சொல்ல முடியாது, தொட்டாய். மற்றவர்கள் ஒவ்வொருவராக உன்னைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். கடைசியில் அந்தக் கூடாரம் முழுக்க மழை. எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்று கண்ணைத் துடைத்தேன். நீ நம்பியிருக்க மாட்டாய், ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை.

அதைப் பார்த்த பிறகும் உன்னை பிரஸ் ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தியவள் நான். பெங்களூரிலிருந்து ஒரு நாட்டியக் குழுவினர் உங்கள் ஐந்து பேரையும் ஊர் ஊராகக் கூட்டிப்போகக் கூப்பிட்டார்கள். ஆறு மாதப் பயணம். நீ ஐடிஐ முடித்திருந்த சமயம். பானையைத் தட்டிக்கொண்டு ஊர் சுற்றினால் யார் பெண் கொடுப்பார்கள் என்று நான் ஆடிய ஆட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். பர்சனல் ஆபீசர் வீட்டு வாசலில் இரண்டு நாள் நின்று உனக்கு காண்ட்ராக்டில் இடம் வாங்கினேன். "மொதல்ல பெர்மனென்ட் ஆகு. அப்புறம் எத்தனை பானைய வேணாலும் கவுத்திப் போட்டு அடி" என்றேன். நீ எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நீ பேசியிருக்கலாம், தம்பி. நீ இல்லாமல் போக மாட்டோம் என்று அவர்களும் அந்தப் பயணத்தை விட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மிஞ்சியது.

சத்தத்தைத் தடுக்கக் காதில் வைக்கிற ஆரஞ்சுப் பஞ்சை உனக்கு மட்டும் இரட்டிப்பாகக் கொடுத்தேன். கொஞ்ச நாள் வைத்தாய். ஒருநாள் மெஷினுக்குள் இருக்கிற அச்சு விரிசல் விட்டது. விரிசல் விட்டால் அடிக்கிற சத்தம் மாறும், பழைய ஆட்கள் அதைக் கேட்டே நிறுத்திவிடுவார்கள். பஞ்சு வைத்திருந்த உனக்குத் தெரியவில்லை, தகடு தகடாக வீணாயிற்று. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் உன்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். மறுநாளிலிருந்து பஞ்சு உன் சட்டைப்பையில்தான் இருந்தது. துணி துவைக்கும்போது எடுப்பேன், அழுக்குப் படாமல் புதிதாக இருக்கும். அலமாரியில் வைத்துவிட்டுச் சட்டையைக் கும்முவேன்.

முதல் வருடப் பரிசோதனைக்கு நீ வந்தாய். உள்ளே உட்கார்ந்தாய், ஹெட்போனை மாட்டினாய், கண்ணை மூடிக்கொண்டாய். பதினெட்டு வருடத்தில் அந்த நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்த ஒரே ஆள் நீதான். பேனா விஷயம் உனக்குத் தெரியாமல் இருந்திருக்காது, லைனில் யாராவது சொல்லியிருப்பார்கள். இருந்தும் மூடிக்கொண்டாய். உன் காதுமேல் உனக்கு அவ்வளவு நம்பிக்கை. உயரமான ஒலி ஒன்றை அனுப்பிப் பேனாவைத் தூக்கினேன். உன் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. ஒலியைக் கூட்டினேன். இல்லை. இன்னும் கூட்டினேன், அப்போதுதான் விளக்கு எரிந்தது. ஊருக்கெல்லாம் தூக்கிய பேனாவை நீ பார்க்கவே மாட்டேன் என்கிறாயே என்று, சொன்னால் வெட்கம், உன்மேல் கோபம்தான் வந்தது எனக்கு. வந்த புள்ளிகளை ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் வைத்துப் பார்த்தேன். வலது காதில் பள்ளம் தொடங்கியிருந்தது. கம்பெனிப் படிவத்தை எடுத்து, பேனாவால் நேர்க்கோடு போட்டேன்.

வெளியே வந்து, "எப்டிம்மா இருக்கு?" என்று கேட்டாய்.

"நல்லாத்தான் இருக்கு."

"ஒண்ணு ரெண்டு வுட்டுப்போன மாதிரி இருந்துச்சும்மா."

"சளி புடிச்சிருக்குல்லா, அதான்யா."

உனக்குச் சளி இல்லை. ஒரு தும்மல்கூட இல்லை. இருந்தாலும் அம்மா சொல்லிவிட்டால் சளிதான் உனக்கு. இரண்டு நாள் கஷாயம்கூட வைத்துக் கொடுத்தேன், நீயும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாய். அன்றைக்கு உண்மையைச் சொல்லி உன்னை அந்த லைனிலிருந்து இழுத்து வந்திருந்தால், பள்ளம் அதோடு நின்றிருக்கும். சொட்டு சொட்டாகத்தான் போகிறது காது, ஆனால் எங்கே நிறுத்துகிறோமோ அங்கே நிற்கும். என் தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரே உறுதியான விஷயம் இதுதான். ஆறு மாதத்தில் உன்னை பெர்மனென்ட் ஆக்குவதாக பர்சனல் ஆபீசர் சொல்லியிருந்தார். இந்த ஒரு வருடம் மட்டும் என்று நினைத்தேன். இரண்டாம் வருடமும் அப்படியே நினைத்தேன். மூன்றாம் வருடமும். ஒவ்வொரு முறையும் நீ கண்ணை மூடிக்கொண்டாய், நான் பென்சிலால் பள்ளத்தையும் பேனாவால் நேர்க்கோட்டையும் போட்டேன். பெர்மனென்ட் வரவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வருடம் கம்பெனியின் சத்தம் அளக்கிற மீட்டரைப் பையில் மறைத்துக்கொண்டு உங்கள் கூடாரத்துக்கு வந்தேன். உன் வாத்தியத்தின்மேல் பழியைப் போட ஓர் ஆதாரம் கிடைக்காதா என்றுதான் வந்தேன். நீங்கள் ஐந்து பேரும் உச்சத்தில் மழையைக் கொட்டியபோதும் அது பிரஸ் ஷாப் சத்தத்துக்குக் கிட்டேகூடப் போகவில்லை. பாதிக்கு மேல் நேரம் மீட்டரில் காட்டுகிற அளவுக்கு ஒன்றுமே இல்லை, நீங்கள் வாசித்ததில் பாதி அமைதிதானே. மீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் நம் வீட்டில் டிரம் நிரம்பி வாசல் வரை தண்ணீர் வழிந்தது. நீ அதற்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து செருப்பு வார் தைத்துக்கொண்டிருந்தாய்.

நாலாம் வருடம் கல்யாண மண்டபத்தில் நீங்கள் வாசித்த அந்த நிகழ்ச்சியை நீ மறக்க மாட்டாய். நானும் மறக்கப்போவதில்லை. காலை பதினொரு மணி. முன்வரிசையில் நான். சொட்டு விழ ஆரம்பித்தது, எல்லோரும் உன்னையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். நீயும் காத்திருந்தாய். சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நீ மேலே குழாயைப் பார்த்தாய். ஷபீர் கண்ணைக் காட்டியதும் அவசரமாகப் பானையைத் தொட்டாய், தொட்டது சரியாகச் சொட்டின் தலைமேல். இரண்டாம் முறையும் அப்படியே. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முடிந்ததும் ஷபீர் உன்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, உன் முதுகுக்குப் பின்னால் ஒரு டம்ளரில் விரலால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டான். "இன்னும் வுடலியாடா?" என்று கேட்டாய் நீ. அவன் முகம் போன போக்கை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். என்னிடம் ஓடி வந்து, "நீங்கதானம்மா காது பாக்கறவங்க, இவனுக்கு என்னான்னு ஒருதரம் பாருங்க" என்றான்.

அப்போதுதான், வேறு வழியே இல்லாமல், உன் கோட்டை முதன்முதலாக உள்ளபடி பேனாவால் போட்டேன். கம்பெனி டாக்டர் நாலு வருடப் படிவங்களையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தார். "மூணு வருஷம் நேர்க்கோடு, திடீர்னு இவ்வளவு பள்ளமா? மெஷின் சத்தத்துல இப்படி ஆகாதே. வீட்ல என்னப்பா பண்றே?" என்று உன் பக்கம் குனிந்து சத்தமாகக் கேட்டார். நீ ஒளிக்காமல் சொன்னாய். "ஞாயித்துக்கிழமைல வாசிப்போம் சார். பித்தளை, பைப்பு, தண்ணித் தொட்டி." அவர் பேனாவை மேஜைமேல் போட்டார். "அதான பாத்தேன். மூடின கூடாரத்துக்குள்ள பித்தளையப் போட்டு அடிச்சா காது தாங்குமா?" என்றார். அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டார். காண்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. நஷ்ட ஈடு என்ற பேச்சே எழவில்லை, தானாகக் கெடுத்துக்கொண்டவனுக்கு எதற்கு? நான் அந்த மேஜைக்குப் பக்கத்தில் ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

பெங்களூரில் பெரிய டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். நரம்பு செத்துவிட்டது, மருந்தும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. காதில் மெஷின் வைத்தால் பேச்சு ஓரளவு புரியும், அந்தச் சொட்டு இனிமேல் வராது. திரும்பி வருகிற பஸ்ஸில் நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். "நீ அப்பவே சொன்ன, பெர்மனென்ட் ஆனப்புறம் அடிடான்னு. நாந்தாம்மா ஞாயித்துக்கிழமைய வுடல. என் ஆசையே என் காதத் தின்னுடுச்சு" என்றாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு கூடாரத்துக்குப் போய்ச் சொட்டுக் குழாய்களை எல்லாம் நீயே அறுத்துப் போட்டுவிட்டு வந்தாய். கத்தியைக் கழுவி அதன் இடத்தில் வைத்தாய். அப்புறம் ஸ்ரீபெரும்புதூரில் பேக்கிங் வேலை கிடைத்துக் கிளம்பிப்போனாய்.

அதனால் இதை நன்றாகப் படித்துக்கொள், இரண்டு தரம் படி. உன் ஆசை உன்னைத் தின்னவில்லை. தண்ணீர் உன்னை ஒன்றும் செய்யவில்லை. பித்தளையும் செய்யவில்லை, ஷபீரும் செய்யவில்லை. பிரஸ் மெஷின் செய்தது, நான் அதை மூன்று வருடம் மூடி வைத்தேன். மூன்று வருடத்துப் பென்சில் தாள்களும் ரேஷன் கார்டு உறைக்குள் இருந்தன. இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அவற்றை எந்த அதிகாரியிடம் கொடுத்தாலும் புரிந்துகொள்வார். கொடுத்தால் என் வேலை போகும், அது போகட்டும். ஆனால் என் பேனாவைப் பார்த்துத் தப்பித்த எல்லோரையும் மறுபடி உட்காரவைத்துப் பார்ப்பார்கள், பாதிப் பேர் கேட்டுக்கு வெளியே நிற்பார்கள். அதனால்தான் நானாகக் கொடுக்கவில்லை என்று எழுதினால் அது பாதி உண்மை, மீதி பயம். போன வாரமும் பரிசோதனை நடந்தது. பேனாவைத் தூக்கினேன். தூக்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. நீ என்ன முடிவு எடுத்தாலும் ஏன் என்று கேட்க மாட்டேன்.

புத்தி சொல்ல எனக்கு இனி என்ன யோக்கியதை இருக்கிறது? இருந்தாலும் தாய் வாய் சும்மா இருக்காது. காதில் வைக்கிற மெஷினை வெட்கப்படாமல் வை. கேட்காதபோது தலையை ஆட்டாதே, "கேக்கல, இன்னொருதரம் சொல்லு" என்று கேள். உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிறவளிடம் முதல் நாளே சொல்லிவிடு, அவளை இடது பக்கம் உட்காரச் சொல். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து, அதற்கு ஏதாவது நன்றாக வந்தால், அதைப் பத்திரம் பண்ணுகிறேன் என்று எங்கேயும் கொண்டுபோய்ப் பூட்டாதே. இதெல்லாம் உனக்குத் தெரியாதா என்ன. எழுதிக்கொண்டே போனால் சொல்ல வேண்டிய கடைசி விஷயத்தைத் தள்ளிப் போடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று குருபரப்பள்ளிக்குப் போனேன். ஷபீரிடமாவது சொல்லிவிடலாம், அங்கே ஆரம்பித்தால் உன்னிடம் சொல்கிற தைரியம் வரும் என்று நினைத்துத்தான் போனேன். கடையில் அவன் மட்டும் இருந்தான். நீங்கள் வாசித்த தாம்பாளத்துக்கும் பானைகளுக்கும் விலைச்சீட்டு ஒட்டி வாசலில் அடுக்கியிருந்தான். குழுவைக் கலைத்துவிட்டானாம். மற்ற மூன்று பேரையும் அவனே வேண்டாம் என்று அனுப்பிவிட்டானாம். ஒருத்தன் காது போனது போதும் என்றான். எனக்கு ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டு, அவன் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். பெரிய ஆம்பளை, கடைவாசல் என்றும் பார்க்காமல் அழுதான். "நாந்தாம்மா அவனக் கூட்டிட்டுப் போய்க் கெடுத்துட்டேன். அவ்ளோ நல்ல காது. அல்லா எனக்கு மன்னிப்பே தர மாட்டான். நீங்களாவது மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்கம்மா" என்றான். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், தம்பி. ஹைவேயில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் அவன் தலையில் கையை வைத்து, "மன்னிச்சுட்டேன்யா, அழாத" என்றேன்.

அவன் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பஸ் ஏற்றிவிட்டுத்தான் போனான்.

இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே, எனக்கு நீ சொல்ல வேண்டியது ஒன்றும் இல்லை. ஷபீருக்குச் செய். என்னால் முடியாததை உன் தலையில் கட்டுகிறேன், இதுவும் கோழைத்தனம்தான், திட்டிக்கொள். ஆனால் இன்றைக்கே செய். அந்தப் பக்கத்திலிருந்து அவன் பேசுவது உனக்குச் சரியாகக் கேட்காது. பரவாயில்லை, நீ சொல்வது அவனுக்குக் கேட்கும்.

அம்மா